பெரியப்பாவா, பிளேஸ்மென்ட் அதிகாரியா, சீனியரா: டெல்டாப் பொறியியல் மாணவர் யாரிடம் வழி கேட்பது?

சித்திரையில் பாபநாசத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் அக்கா மகள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, இடப்புறம் "யாரைக் கேட்டேன்", வலப்புறம் "என்ன சொன்னார்கள்" என்று எழுதியிருந்தாள். இடப்புறத்தில் ஐந்து பேர்: தோஹாவில் இருக்கும் பெரியப்பா, கல்லூரியின் பிளேஸ்மென்ட் அதிகாரி, தஞ்சாவூரில் ஒரு கோச்சிங் சென்டர், லிங்க்ட்இன், கடைசியாக "யாராவது சீனியர்". வலப்புறத்தில் முதல் மூவரிடமிருந்து மூன்று திசை. லிங்க்ட்இன்னுக்கு நேரே ஒரு கோடு. சீனியருக்கு நேரே வெறும் இடம், அவரை இன்னும் கேட்கவேயில்லை.

"மாமா, இதில் யார் சொல்வதைக் கேட்பது?" என்றாள்.

நான் மெக்கானிக்கல் படித்தவன். துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் பத்து ஆண்டுக்கு மேலாகத் தரப் பரிசோதனை பார்க்கிறேன். அன்று அவளிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெரியப்பா. டெல்டாவில் தெருவுக்கு நாலு வீட்டில் ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். மற்ற நால்வரும் வாயால் உதவுவார்கள். பெரியப்பா கையால் உதவுவார். விசாவுக்கு அலைவார், முதல் மாதம் தன் அறையில் படுக்க இடம் கொடுப்பார், அவசரத்துக்குப் பணமும் அனுப்புவார். இதற்கு ஈடு இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த பாதை ஒன்றே ஒன்று, அவர் நடந்த பாதை. என் கதையும் அதுதான். கல்லூரி முடித்ததும் அபுதாபியில் இருந்த சித்தப்பா சொன்னார் என்று திருச்சியில் என்.டி.டி. கோர்ஸ் சேர்ந்தேன். உலோகத்தை உடைக்காமல் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை அது. கையில் சான்றிதழ் வந்த நேரத்தில், 2014இல், எண்ணெய் விலை சரிந்தது. மறு ஆண்டு சித்தப்பாவே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். (அந்தச் சான்றிதழ்தான் துவாக்குடியில் எனக்குச் சோறு போட்டது என்பது வேறு விஷயம். அதைச் சித்தப்பாவும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.)

உறவினர் தரும் தகவலுக்கு வயதாகிவிடும் என்பதும் உண்டு. தோஹாப் பெரியப்பா இவளிடம், "நரிமணம் பக்கம் எண்ணெய்க் கிணறு தோண்டிக்கொண்டே இருப்பார்கள், சிவிலுக்கு வேலை வரும்" என்றிருக்கிறார். 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதைத் தடுத்துவிட்டது. அவர் ஊரை விட்டுப் போனது அதற்கு வெகு காலம் முன்பு.

பிளேஸ்மென்ட் அதிகாரியைப் பற்றி மாணவர்கள் பேசுவதில் பாதி நியாயம் இல்லை. சந்தைக்கு வந்த காய் என்ன என்று கேட்டால் அவர் சரியாகச் சொல்வார். வயலில் என்னவெல்லாம் விளைகிறது என்று அவரைக் கேட்கக் கூடாது, அது அவர் வேலை அல்ல. நம் பக்கத்துக் கல்லூரிகளுக்கு மொத்தமாக ஆள் எடுக்க வருவது பெரும்பாலும் மென்பொருள் நிறுவனங்கள். அவர்களுக்குச் சிவிலும் ஒன்று, மெக்கானிக்கலும் ஒன்று. வீட்டில் கடன் இருந்தால், தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தால், அந்த ஆஃபர் லெட்டரை வாங்கிக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை. 2024இல் தஞ்சாவூரிலேயே ஒரு சிறு டைடல் பூங்கா திறந்துவிட்டார்கள், கணினி வேலை என்றாலே சென்னை என்ற காலமும் கொஞ்சம் மாறுகிறது. ஆனால் "சிவிலில் நான் என்ன ஆகலாம்?" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் கிடைக்காது.

கோச்சிங் சென்டருக்கு ஒரு பத்தி போதும். அவர்கள் விற்பது வகுப்பு, எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் வகுப்பில் சேர்வதாகத்தான் இருக்கும். அவர்களிடம் கேட்காமலே தெரிந்துகொள்ளக் கூடியது: எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வின் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும், அதை வைத்து எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. சில பொதுத்துறை நிறுவனங்களும் அதை வைத்தே ஆள் எடுக்கின்றன. நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளர் ஆக வேண்டுமானால் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நாள் முழுக்க என்ன செய்வோம் என்பதைக் கோச்சிங் சென்டர் சொல்லாது. எனக்குத் தெரிந்து ஒருவரும் கேட்டதும் இல்லை.

மீதம் இரண்டு: லிங்க்ட்இன், சீனியர். இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிரியாக வைத்துப் பேசுவது வழக்கம். எனக்கு அது ஒப்பவில்லை. ஒன்று கதவு, மற்றது உள்ளே இருக்கும் ஆள்.

1973இல் மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம். மிக அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். காரணம் எளிது: நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் முன்பே தெரிந்திருக்கும். விடுதியில் ஒரே அறையில் இருக்கும் நாலு பேருக்கும் ஒரே செய்திதான் வரும். முகம் மட்டும் தெரிந்த, இரண்டு மூன்று ஆண்டுக்கு முன் படித்துவிட்டுப் போன சீனியர் வேறு ஒரு கூட்டத்தில் இருக்கிறார். அங்கே நடப்பது நமக்குப் புதிது. படிப்பு முடித்து இருபது ஆண்டு ஆனவரைவிட இவர் மேல். முதல் வேலை தேடி அலைந்த வலி இவருக்கு இன்னும் ஆறவில்லை.

அவரைப் பிடிக்க லிங்க்ட்இன் நல்ல கருவிதான். கெடுப்பது நாம் எழுதும் செய்தி. அக்கா மகள் ஏழு பேருக்கு அனுப்பியிருந்தது இது: "வணக்கம் சார். நான் சிவில் மூன்றாம் ஆண்டு. எனக்கு வழிகாட்டுங்கள். வேலை இருந்தால் சொல்லுங்கள்." ஏழு பேரும் பார்த்தார்கள், ஒருவரும் பதில் போடவில்லை. இதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும், எங்கே தொடங்குவது?

நான் அவளிடம் சொன்னது, கேட்பதற்கு ஒரு கேள்வியைத் தேடிக்கொண்டு பிறகு எழுது என்பதுதான். கேள்வி நோட்டில் கிடைக்காது, ஆற்றில் கிடைக்கும்.

இங்கேதான் அவள் பட்டியலில் இல்லாத ஆறாவது ஆள் வருகிறார்: வேலை நடக்கும் இடத்திலேயே நிற்கும் ஆள். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12இல் திறக்கும். அதற்கு முந்தைய வாரங்களில் டெல்டா முழுவதும் ஆறு வறண்டு கிடக்கும், மதகுகளில் பராமரிப்பும் தூர்வாரலும் நடக்கும். சிவில் மாணவருக்கு அதைவிட நல்ல வகுப்பறை இல்லை, தண்ணீர் மறைத்திருந்ததெல்லாம் அப்போது வெளியே தெரியும். இன்-பிளான்ட் டிரெயினிங் என்று பணம் கட்டி, போகாமலே சான்றிதழ் வாங்குகிறார்களே, அவர்களைச் சொல்லவில்லை. நம் மாணவர்தான் என்று கல்லூரி தரும் போனஃபைட் கடிதம் வாங்கிக்கொண்டு நீர்வளத் துறையின் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போவதைச் சொல்கிறேன்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரியும் தென்பெரம்பூருக்கு அவளை அழைத்துப் போனேன். ஷட்டரின் திருகுத் தண்டுக்கு மதகை ஏற்றி இறக்கும் ஊழியரான லஸ்கர் ஒருவர் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். முழங்கைவரை கறுப்பு. சுவரில் அடி, அங்குலம் எழுதிய அளவுகோலைக் காட்டி, தண்ணீர் ஓடும் நாட்களில் காலையில் இதைப் பார்த்துப் போனில் சொல்வதுதான் தன் முதல் வேலை என்றார். 2018இல் திருச்சி அருகே முக்கொம்பு அணையில் ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போன பிறகு, இரவில் சத்தம் கேட்டால் எழுந்து வந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டதாம். சற்று நேரத்தில் உதவிப் பொறியாளர் பைக்கில் வந்தார். பத்து நிமிடம் பேசினார். "பாதி நாள் மதிப்பீடு எழுதுவேன். மீதிப் பாதி, கடைமடைக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்று விவசாயிகளுக்குப் பதில் சொல்வேன். இரண்டாவது பிடித்தால் தேர்வு எழுது" என்றார். ஐந்து பேர் சொல்லாததை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

எல்லாத் துறைக்கும் ஆறு இல்லை என்று கேட்பீர்கள். மெக்கானிக்கலுக்குத் துவாக்குடியில் பெல் ஆலையைச் சுற்றிச் சிறு பட்டறைகள் இருக்கின்றன, பொன்மலையில் 1928 முதல் ரயில்வே பணிமனை இருக்கிறது. உணவுத் தொழில்நுட்பத்துக்குத் தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசுக் கல்வி நிறுவனம் இருக்கிறது. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் பட்டறை வாசல் டீக்கடையில் நின்றால் பேச ஆள் கிடைப்பார்கள். கணினி மாணவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது, அவர்களுக்கு லிங்க்ட்இன்தான் வாசல்.

திரும்பும்போது பஸ்ஸில் அவளே கேள்வியைப் பிடித்துவிட்டாள். கல்லணைக் கால்வாயில் கான்கிரீட் போடுவதை நிலத்தடி நீர் பற்றிய கவலையில் விவசாயிகள் எதிர்த்தது அவளுக்குத் தெரியும். கால்வாய்க் கட்டுமானத்தில் வேலை பார்க்கும் ஒரு சீனியருக்கு இப்படி எழுதினாள்: "அக்கா, நான் உங்கள் கல்லூரி, சிவில் மூன்றாம் ஆண்டு. கால்வாயில் கான்கிரீட் தளம் போடும்போது அடியில் சேரும் நீரின் அழுத்தம் வெளியேற விடும் துளைகளின் இடைவெளியை யார் கணக்கிடுகிறார்கள், ஒப்பந்ததாரரின் பொறியாளரா, துறையின் வடிவமைப்புப் பிரிவா? அந்த வேலைக்குப் போக எம்.டெக். வேண்டுமா?"

மறுநாள் இரவு பதில் வந்தது. "ஐ.எஸ். 4558 படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் கூப்பிடு." தளம் போட்ட கால்வாயின் அடியில் நீர் வடிவதற்கான இந்தியத் தர விதி அது. நோட்டில் சீனியருக்கு நேரே இருந்த வெற்றிடத்தில் அந்த விதியின் எண்ணை எழுதி வைத்திருக்கிறாள்.