கரண்டியா, பம்பா, மெஷினா: வீசிங் மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது?

போகி அன்று விடியற்காலையில் எங்கள் வியாசர்பாடி பக்கம் சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு மொட்டைமாடி கூடத் தெரியாது, அவ்வளவு புகை. போன போகிக்கு முதல் நாள் ராத்திரியே மகனுக்கு இழுப்பு ஆரம்பித்துவிட்டது. எட்டு வயது, 22 கிலோ. அடுப்படி மேடையில் சிரப் பாட்டில், வாயில் வைத்து இழுக்கும் பம்ப் (இன்ஹேலர்), பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய நெபுலைசர் மெஷின் என்று மூன்றும் வரிசையாக இருந்தன. மாமியார் கை நேராக சிரப்புக்குத்தான் போனது. "பம்பு வேணாம்மா, பழகிடும். புள்ள வளர மாட்டான், பின்னாடி சுகர் வந்துடும்" என்றார். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் தெருவில் பாதிப் பேர் சொல்வது இதுதான்.

அன்று கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு கணக்குப் போட்டேன். வீட்டில் இருந்த, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் சிரப் 5 மில்லியில் மருந்து 2 மில்லிகிராம். அதே மருந்து இருக்கும் பம்பை ஒரு தடவை அழுத்தினால், அதாவது ஒரு பஃப்பில், 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு டீஸ்பூன் சிரப்பில் இருபது பஃப் மருந்து இருக்கிறது. அந்த இருபதும் வயிற்றுக்குப் போய், குடலில் இறங்கி, ஈரலில் பாதி அழிந்து, மிச்சம் ரத்தத்தில் உடம்பு முழுக்கச் சுற்றி அப்புறம்தான் நுரையீரலுக்கு வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதுதான் இது. சிரப் குடித்த பிள்ளைக்குக் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் இதனால்தான்.

சால்பியூட்டமால் ரத்தத்தில் கலந்தால் மூச்சுக்குழாயோடு நிற்காது. ஈரலில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையை அவிழ்த்துவிடும், ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியத்தைத் தசைக்குள் தள்ளிவிடும். வீட்டில் எப்போதாவது போடும் இரண்டு மூன்று பஃப்புக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் கடுமையான இழுப்புக்கு அடுத்தடுத்து மருந்து கொடுக்கும்போது பொட்டாசியத்தை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அப்போது ரத்தத்தில் லாக்டேட் என்ற அமிலப் பொருள் ஏறி, அதனாலேயே பிள்ளை வேகமாக மூச்சு வாங்குவதும் உண்டு. பார்ப்பவர்களுக்கு வீசிங் கூடிவிட்ட மாதிரித் தெரியும்.

மெஷின் பெரிதாக இருப்பதால் மருந்தும் பலமாக இருக்கும் என்ற நினைப்பு ஊருக்கே உண்டு. ஒரு குப்பி 2.5 மில்லிகிராம், கணக்குப்படி 25 பஃப். அதில் பெரும்பகுதி மாஸ்க் ஓரமாக அறைக்குள் போய்விடுகிறது. ஆக்ஸிஜன் தேவைப்படும் அளவுக்கு முற்றினால்தான் மெஷினுக்கு வேலை. மிதமான இழுப்புக்கு, பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் குழலில் போடும் சில பஃப்களே அதே பலனைத் தரும், குழந்தைகளுக்கு இதயத்துடிப்பும் மெஷின் அளவுக்கு ஏறாது. என் கட்சி ஸ்பேசர். அதைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அப்படியே காற்றில் உலரவிட வேண்டும், துணியால் துடைக்கக் கூடாது. துடைத்தால் உள்சுவரில் மின்னேற்றம் வந்து மருந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் இப்போது டம்ளர்களுக்கு நடுவே அதுவும் கவிழ்ந்து கிடக்கிறது.

சரி, மாமியாரின் உண்மையான பயத்துக்கு வருவோம். வளர்த்தி, சுகர் இரண்டும் ஸ்டீராய்டு பற்றிய பயம். இழுப்பு வந்தால் போடும் பம்ப் வேறு, வராமலிருக்கத் தினமும் போடும் ஸ்டீராய்டு பம்ப் வேறு என்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஸ்டீராய்டிலும் வாய்வழியாக வருவது பிரெட்னிசலோன். கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று வைத்தால்கூட என் மகனுக்கு ஒரு நாளைக்கு 22 மில்லிகிராம். அவன் தினமும் இழுக்கும் புடிசோனைடு காலையும் இரவும் சேர்த்து 200 மைக்ரோகிராம். எடையை மட்டும் பார்த்தால் அந்த ஒரு நாள் மருந்து 110 நாள் பம்புக்குச் சமம். இது முழுக்க நியாயமான ஒப்பீடு இல்லைதான், புடிசோனைடுக்கு வீரியம் அதிகம். ஆனால் விழுங்கிவிடும் புடிசோனைடில் சுமார் 90 சதவீதத்தை ஈரல் முதல் சுற்றிலேயே அழித்துவிடுகிறது, பிரெட்னிசலோன் பெரும்பாலும் அப்படியே ரத்தத்தில் சேர்கிறது. பிரெட்னிசலோன் கொடுத்த மூன்றாவது நாள் ராத்திரி பதினொரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டான், நாலு சாப்பிட்டான். கடும் இழுப்பில் உயிர் காக்கும் மருந்து அது, மறுக்கவே கூடாது. பம்பைத் தவிர்த்துவிட்டு வருஷத்துக்கு நாலு தடவை அதில் போய் நிற்பதுதான் நஷ்டம்.

அதற்காக ஸ்டீராய்டு பம்பால் ஒன்றுமே ஆகாது என்று சொன்னால் அது பொய். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,041 குழந்தைகளை வைத்து நடந்த 'கேம்ப்' ஆய்வில் தினம் 400 மைக்ரோகிராம் புடிசோனைடு எடுத்தவர்கள், பெரியவர்களான பிறகு, மருந்தில்லாத வெறும் பம்ப் எடுத்தவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குட்டையாக இருந்தார்கள். 2012இல் வந்த முடிவு இது. குறைவு முதல் இரண்டு வருஷத்திலேயே வந்துவிட்டது. பிறகு கூடவுமில்லை, ஈடாகவுமில்லை. அங்கே கொடுத்தது என் மகனின் அளவைப்போல இரண்டு மடங்கு. அடங்காத ஆஸ்துமாவும் வளர்த்தியைப் பிடித்து இழுக்கும் என்பதையும் சேர்த்துத்தான் நான் எடைபோட்டேன்.

இன்னொரு ஸ்டீராய்டு பம்ப் மருந்தான புளூட்டிகசோன் விழுங்கினால் ஒரு சதவீதம்கூட ரத்தத்துக்குப் போகாது, ஆகவே அது இன்னும் பத்திரம் என்று தோன்றும். ஆனால் நுரையீரல் வழியாகப் போகும் பங்கு ஈரலைத் தொடாமல் நேரே ரத்தத்தில் கலக்கிறது. பிரிட்டனில் தினம் 500 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் எடுத்த சில குழந்தைகளுக்கு, உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி அடங்கிப்போய், ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கியிருக்கிறது. நாம் பயப்படுவது சுகர் ஏறும் என்று, இங்கே நடந்தது தலைகீழ். அந்த அளவில் இருக்கும் பிள்ளை காய்ச்சலில் வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்தால் உடனே ஆஸ்பத்திரியில் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களாகப் பம்பை நிறுத்திவிடாதீர்கள். ஆறிலிருந்து பதினொரு வயது வரை புளூட்டிகசோனில் தினசரி குறைந்த அளவு என்பது 50 முதல் 100 மைக்ரோகிராம்தான்.

ராத்திரி சப்பும் மான்டெலுகாஸ்ட் மாத்திரை சர்க்கரையையும் உயரத்தையும் தொடுவதில்லை. ஆனால் தனியாகக் கொடுத்தால் ஸ்டீராய்டு பம்ப் அளவுக்குக் கேட்காது. கெட்ட கனவு, எரிச்சல், மனமாற்றம் வரலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2020இல் கட்டம் கட்டி எச்சரித்தது. எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. தூதுவளை ரசம் வாரம் ஒருமுறை உண்டு, சோற்றோடு போகிறது, அதோடு சரி.

அளவை டாக்டர்தான் முடிவு செய்தார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் பார்த்துக் குறைக்க முடியுமா என்று யோசிக்கிறார். நானும் நிலைப்படியில் பென்சிலால் கோடு போட்டு வருகிறேன். பஃப் போட்டதும் வாய் கொப்பளிக்கவைப்பது இப்போது மாமியாரின் பொறுப்பு. விருந்தாளி வந்தால் மட்டும் பம்பை எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்.