வீட்டுக் கராஜில் ஃபோர் போஸ்ட் லிஃப்ட்: சில மிச்சிகன் குளிர்காலங்களுக்குப் பிறகு

வீட்டுக் கராஜில் கார் லிஃப்ட் வைக்கலாமா என்று கேட்கிறவர்கள் எல்லாரும் எந்த கம்பெனி, எத்தனை பவுண்டு தூக்கும், என்ன விலை என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பணம் கட்டினால் லிஃப்ட் லாரியில் வந்து இறங்கிவிடும். அது நிற்பதற்குத் தோதாக கராஜை மாற்றுவதுதான் உண்மையான வேலை, செலவும் பாதி அதில்தான். கதவு, சீலிங், தரை, விளக்கு, இந்த வரிசையில் யோசித்தவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

எங்கள் வீடு டெட்ராய்ட்டுக்கு மேற்கே ஒரு புறநகரில். வீட்டோடு ஒட்டிய இரண்டு கார் கராஜ், மேலே அறை எதுவும் இல்லை. வீட்டுக்குள் சீலிங் 9 அடி. கராஜின் தரை வீட்டுத் தரையைவிட 2 அடி தாழ்வு, படி இறங்கித்தான் போக வேண்டும், அதனால் கராஜுக்குள் மொத்தம் 11 அடி உயரம் இருந்தது. இந்தப் பக்கத்துப் புறநகர் வீடுகள் பலவற்றில் இப்படித்தான், ஆனால் யார் கண்ணிலும் படுவதில்லை, ஏனென்றால் ஏழரை அடியிலேயே கதவின் ட்ராக்கும் ஓப்பனர் மோட்டாரும் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும், அண்ணாந்து பார்க்கிறவருக்கு அதுதான் கூரை மாதிரித் தெரியும். முதலில் ஏணி போட்டு ஏறி தரையிலிருந்து சீலிங் போர்டு வரை அளந்து பாருங்கள்.

எங்களுடையது ஃபோர் போஸ்ட் லிஃப்ட், நான்கு தூண்களுக்கு நடுவே ஒரு காரை மேலே தூக்கி நிறுத்தி, அடியில் இன்னொன்றை விடலாம். எங்கள் கணக்கு இது. கீழே நிற்பது ஹோண்டா ஒடிஸி வேன், உயரம் கிட்டத்தட்ட 70 அங்குலம். அதன் கூரைக்கும் லிஃப்டுக்கும் நடுவே 3 அங்குலம். கார் ஏறி நிற்கும் ரன்வேயின் கனம் 5. மேலே இரண்டாம் தலைமுறை மஸ்டா மியாட்டா, அது 48.5. கூட்டினால் 126.5. சீலிங் 132 அங்குலத்தில் இருக்கிறது, ஆக மிச்சம் ஐந்தரை அங்குலம். மியாட்டா இருக்கும் இடத்தில் ஒரு கேம்ரி என்றால் 57 அங்குலம் வரும், மொத்தம் 135, வேலைக்கு ஆகாது. இன்னொன்று, லிஃப்டை நினைத்த உயரத்திலெல்லாம் நிறுத்த முடியாது, தூண்களில் சில அங்குலத்துக்கு ஒன்றாக இருக்கும், லிஃப்டைப் பூட்டித் தாங்கும் லாக் படிகளில் ஏதாவது ஒன்றில்தான் உட்கார வைக்க வேண்டும். அதனால் காகிதத்தில் சரியாக வரும் கணக்கு, லாக் படி ஒன்று தள்ளி விழுந்தால் இடிக்கும். வாங்குவதற்கு முன்பே லாக் படிகளின் உயரத்தைக் கேட்டு வாங்கி, உங்கள் கார்களின் அளவோடு வைத்துப் பாருங்கள். கூரைமேல் கேரியர் வைத்திருந்தால் அதையும் சேர்த்து.

சீலிங் போதாதவர்களில் சிலர் கூரையைத் தாங்கும் முக்கோண மரச்சட்டமான ட்ரஸ்ஸின் அடிக்கட்டையை அறுத்துத் தூக்கலாமா என்று கேட்கிறார்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வரைபடம் போட்டுக் கையெழுத்து வைக்காமல் அதில் ரம்பம் படக்கூடாது. கூரையின் பாரம் சுவர்களை வெளியே தள்ளப் பார்க்கும்போது இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த அடிக்கட்டைதான்.

கதவுக்கு வருகிறேன். கராஜ் மாற்றத்தில் அதிகம் யோசித்ததும் இதைத்தான், செய்த வேலைகளில் பலன் அதிகம் தந்ததும் இதுதான். வழக்கமான 7 அடிக் கதவு மேலே போனதும் முழுதாக மடங்கி உள்ளே 7 அடி நீளத்துக்குப் படுத்துவிடும். ஹை லிஃப்ட் ட்ராக் என்று ஒன்று இருக்கிறது. அதில் கதவு முதலில் சுவரை ஒட்டி நேராக மேலே ஏறி, சீலிங்குக்குப் பக்கத்தில் போன பிறகுதான் உள்ளே திரும்பும். எங்களுக்கு 3 அடி கூடுதலாக ஏற்றினார்கள். அதனால் கதவு திறந்திருக்கும்போது 3 அடி சுவரோடு நின்றுவிடுகிறது, 4 அடி மட்டும் உள்ளே படுக்கிறது. கராஜின் ஆழம் 24 அடி, மியாட்டா 13 அடி. மேலே இருக்கும் காரைப் பின்சுவர்ப் பக்கமாக நிறுத்தினால் கதவும் காரும் சந்திக்கவே சந்திக்காது. இந்த ஒரு மாற்றம் இல்லாவிட்டால் 11 அடி சீலிங் இருந்தும் பயனில்லை.

ட்ராக்கை மட்டும் மாற்றினால் போதாது. சாதாரணக் கதவு மேலே போகப்போக அதன் எடை கிடைமட்ட ட்ராக்குக்கு மாறிக்கொண்டே வரும், ஸ்பிரிங்கின் இழுவிசையும் அதே வேகத்தில் குறையும். ஹை லிஃப்டில் முதல் 3 அடிக்குக் கதவின் முழு எடையும் கேபிளில்தான் தொங்குகிறது. அதற்கென்று கூம்பு வடிவில் கேபிள் சுற்றும் ட்ரம் உண்டு, ஸ்பிரிங்கையும் கணக்குப் போட்டு மாற்ற வேண்டும். முதலில் வந்து பார்த்த கதவுக் கம்பெனிக்காரர் பழைய ஸ்பிரிங்கே போதும் என்றார், அவரை அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டோம். முறுக்கி வைத்த டார்ஷன் ஸ்பிரிங் கையை உடைக்கும் சாமான், யூடியூப் பார்த்துச் செய்யும் வேலை அல்ல. ஓப்பனரும் சீலிங்கில் தொங்கக்கூடாது என்பதால் சுவரில் மாட்டும் லிஃப்ட்மாஸ்டர் 8500W போட்டோம். ஸ்பிரிங் கோர்த்திருக்கும் தண்டின் நுனியில் உட்கார்ந்து நேராக அதையே சுழற்றுகிறது, சத்தமும் குறைவு, நடுக் கராஜ் காலியாகிவிட்டது.

டூ போஸ்டா ஃபோர் போஸ்டா என்பது அடுத்த கேள்வி. டூ போஸ்ட் என்பது இரண்டு தூண்களிலிருந்து நீளும் கைகளால் காரின் அடியைத் தாங்கித் தூக்குவது. சக்கரங்கள் தொங்க, சஸ்பென்ஷன், பிரேக், கியர்பாக்ஸ் எல்லாவற்றிலும் கை வைக்க டூ போஸ்ட்தான் வசதி, அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் மேலே குறுக்குச் சட்டம் உள்ள ரகத்துக்கு 12 அடி உயரம் வேண்டும். தரையில் தகடு ஓடும் ரகம் ஒன்பதரை அடியில் நிற்கும், அந்தத் தகட்டைத் தாண்டித்தான் ஜாக்கியும், காரடியில் படுத்துச் செல்லும் கிரீப்பர் பலகையும் உருள வேண்டும். இதைவிட முக்கியமானது தரை. டூ போஸ்டில் காரின் பாரம் தூண்களை உள்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும், அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது காங்கிரீட்டில் இறக்கிய ஆங்கர் போல்ட்டுகள். அதனால்தான் 4 அங்குலத்துக்குக் குறையாத, 3,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வலிமையுள்ள காங்கிரீட் கேட்கிறார்கள், விரிசலுக்கும் தரையில் வெட்டிய இணைப்புக்கும் பக்கத்தில் போல்ட் போடக்கூடாது என்கிறார்கள். ஃபோர் போஸ்டில் பாரம் நேராகக் கீழே இறங்குகிறது. மியாட்டா சுமார் 2,400 பவுண்டு, லிஃப்ட் சுமார் 2,000, நான்கு தூணுக்குப் பிரித்தால் ஒரு தூணுக்கு 1,100. ஒடிஸியின் எடை சுமார் 4,500 பவுண்டு, அதன் ஒவ்வொரு சக்கரமும் ஏற்கெனவே அதே அளவு பாரத்தைத்தான் தரையில் வைக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததும் என் மனசு ஃபோர் போஸ்டில் நின்றுவிட்டது.

இருந்தாலும் தரையைச் சோதிக்காமல் விடவில்லை. தூண் வரும் இடங்களில் ஹேமர் டிரில்லால் அடிவரை துளை போட்டு, நுனியைச் சின்னதாக வளைத்த கம்பியை உள்ளே விட்டு, காங்கிரீட்டின் அடி விளிம்பில் கொக்கி மாட்டும்வரை துழாவி, மேலே கட்டைவிரல் நகத்தால் அடையாளம் பிடித்துக்கொண்டு வெளியே இழுத்து அளக்க வேண்டும். ஒரு மூலையில் 4 அங்குலம், எதிர் மூலையில் 5, ஒரே தரையில்! டெக்சஸ், அரிசோனா பக்கம் தளத்துக்குள் இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள் ஓடும் வீடுகள் நிறைய, அங்கே ஸ்கேன் செய்து பார்க்காமல் டிரில்லைத் தொடவே கூடாது.

கராஜ் தரை சமமாக இருக்காது, தண்ணீர் வெளியே ஓடுவதற்காகக் கதவை நோக்கிச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். அடிக்கு 8-இல் 1 அங்குலம் என்றாலும் 14 அடி நீளத்தில் ஒன்றே முக்கால் அங்குல வித்தியாசம் வந்துவிடும். வாசல் பக்கத் தூண்களுக்குக் கீழே எஃகுத் தகடு வைத்தோம், மீதியைத் தூணுக்குள் லாக் படிகள் இருக்கும் சட்டங்களின் நட்டைத் திருகிச் சமன் செய்தோம். சட்டங்களைத் திருகி ஏற்றி இறக்க முடியாத மலிவு ரகங்களும் சந்தையில் இருக்கின்றன, சரிவான கராஜுக்கு அவை வேண்டாம். லிஃப்டுகளுக்குச் சான்றளிக்கும் ஏஎல்ஐ (ஆட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிடியூட்) அமைப்பின் தங்க நிற முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள், அது மூன்றாம் ஆள் சோதித்துக் கொடுத்த சான்று.

மின்சாரம் பெரிய விஷயமில்லை, 110 வோல்ட் மோட்டார், தனி 20 ஆம்ப் சர்க்யூட், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன், பெர்மிட், முடிந்தது. விளக்கைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை. கார் மேலே போனதும் சீலிங் விளக்கு அத்தனையும் அதற்குப் பின்னால் போய்விடும், கீழே இருட்டு. நாங்கள் சுவர்களில் இடுப்பு உயரத்திலும் தோள் உயரத்திலும் எல்ஈடி குழல்களைப் படுக்கை வசமாக மாட்டினோம். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்து காரின் அடிவயிற்றில் படுகிறது, கையில் டார்ச் வேண்டியதில்லை.

நிறுவி ஓடத் தொடங்கிய முதல் சில வாரங்களில் லிஃப்டைத் தூக்கும் கேபிள்கள் கொஞ்சம் நீளும், எல்லா ஃபோர் போஸ்டிலும் அப்படித்தான். ஏற்றும்போது நான்கு மூலையிலும் லாக் விழும் சத்தம் ஒன்றாக, ஒரே டக் என்று கேட்க வேண்டும். டக், டட்டக் என்று பிரிந்து கேட்டால் ஒரு மூலை பின்தங்குகிறது என்று அர்த்தம், அந்தக் கேபிளின் நட்டைக் கொஞ்சம் இறுக்கினால் மறுபடி ஒன்றாகிவிடும். இப்போது பார்க்காமலே காதால் சொல்லிவிடுவேன். கேபிளைச் சோதிக்கப் பழைய துணியை வைத்துப் பிடித்து நீளத்துக்கும் இழுப்பேன், ஒரு இழை அறுந்திருந்தாலும் துணி மாட்டிக்கொள்ளும். வெறும் கையால் செய்ய வேண்டாம், கிழித்துவிடும். காரை எப்போதும் லாக்கில் இறக்கித்தான் வைக்கிறோம், ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தில் ஒரு ராத்திரிகூடத் தொங்க விடுவதில்லை. மோட்டாரின் மின்சார ஸ்விட்சுக்குப் பூட்டு போட்டிருக்கிறேன். லிஃப்ட் நகரும்போது பிள்ளைகள் யாரும் கராஜுக்குள் இருக்கக்கூடாது, இதில் சமரசமே கிடையாது.

குளிர்காலத்துக்கு வருகிறேன். டெட்ராய்ட் நகரத்துக்குக் கீழே சுமார் 1,200 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கமே இருக்கிறது, சாலையில் கொட்ட உப்புக்கு இங்கே பஞ்சமில்லை. ஒடிஸி தினமும் பனியையும் உப்பையும் சுமந்து வந்து கராஜில் உருக வைக்கும், அந்தத் தண்ணீர் சரிவில் ஓடி வாசல் பக்கத் தூண்களின் அடித்தகட்டைச் சுற்றித் தேங்கும். இரண்டாவது குளிர்காலம் முடிந்தபோது பெயின்ட் உப்பிக்கொண்டு கீழே துரு தெரிந்தது. சுரண்டி, ப்ரைமர் அடித்து, கீழே நிற்கும் வேனுக்கு ஓரம் உயர்ந்த தரைவிரிப்பு போட்டதும் நின்றுவிட்டது. இதே உப்புக்காகத்தான் லிஃப்டுக்கு நான் ஆயிரம் முறை நன்றி சொல்வேன். ஒவ்வொரு அக்டோபரிலும் இரண்டு கார்களையும் மேலே ஏற்றி, அடிப்பக்கம் முழுக்கத் துரு தடுக்கும் லேனோலின் எண்ணெய் அடிக்கிறேன், பிரேக் குழாய்கள், சப்ஃபிரேம் மூலைகள், ஃப்ளோர் மடிப்புகள் என்று ஒன்று விடாமல். கல்லில் படுத்துக்கொண்டு ஜாக் ஸ்டாண்டுக்கு நடுவே இதைச் செய்கிறவர்கள் பாதியில் விட்டுவிடுவார்கள். நிமிர்ந்து நின்று செய்யும்போது விடுபடுவதில்லை, செய்கிறபோதே எங்கே எண்ணெய் கசிகிறது, எந்த ரப்பர் பூட் (மூட்டுகளை மூடும் உறை) வெடித்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. ஒடிஸியின் ஆக்ஸில் பூட்டில் விரிசலை அப்படித்தான் கிரீஸ் சிதறுவதற்கு முன்பே பிடித்தேன்.

தினசரிப் புழக்கத்தில் குறைகளும் உண்டு. வேனின் ஸ்லைடிங் கதவுகள் தூண்களில் இடிப்பதில்லை, அது நல்லது. ஆனால் பின்கதவு மேல்நோக்கித் திறப்பதால் லிஃப்டின் பின்சட்டத்தில் போய் முட்டும். குளிர்காலத்தில் ஏறு பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டு, வேனின் வால் லிஃப்டுக்கு வெளியே வரும்படி நிறுத்தினால் முழுதாகத் திறக்கிறது, சட்டத்திலும் தடித்த நுரைப்பட்டை ஒட்டியிருக்கிறேன். மேலே உள்ள காரை எடுக்க வேண்டுமென்றால் முதலில் வேனை வெளியே எடுக்க வேண்டும், ஏப்ரல் முதல் வெயில் நாளில் இது எரிச்சலாகத்தான் இருக்கும். மியாட்டாவிலிருந்து சொட்டுவது வேன்மேல் விழாமலிருக்க ரன்வேக்களுக்கு நடுவே பிளாஸ்டிக் தட்டுகள் வேண்டும். பிரேக் வேலைக்கு ரன்வேயில் உருளும் பிரிட்ஜ் ஜாக் தனியாக வாங்க வேண்டும், அது இல்லாமல் சக்கரத்தைக் கழற்ற முடியாது, லிஃப்டின் விலையோடு அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் இதையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, நம்ம லாரிப் பட்டறை மாதிரி ஒரு குழி வெட்டியிருந்தா சுலபமா முடிஞ்சிருக்குமே" என்றார். நியாயமான கேள்வி. பட்டறை நாலாபக்கமும் திறந்திருக்கும், காற்று ஓடும். இங்கே குளிருக்காகக் கதவை மூடியே வைத்திருக்கிறோம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழிக்குள் இறங்கித் தங்கிவிடும், பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். சொன்னதும், "அப்போ சரிங்க, இதுதான் நல்லது" என்று ஒப்புக்கொண்டார், அடுத்த ஆயில் மாற்றும் வேலையில் கூடவே நின்று ட்ரெய்ன் போல்ட்டையும் அவரே கழற்றினார்.

இடுப்பு வலிக்காமல் முழுநேர ரிப்பேர் செய்ய வேண்டும், சீலிங் 12 அடி இருக்கிறது என்பவர்கள் டூ போஸ்ட் வாங்குங்கள். இரண்டு காரைக் கொண்ட கராஜில் மூன்றாவதை வைக்க வேண்டும், ஆண்டுக்குச் சில முறை அடியில் வேலை என்றால் ஃபோர் போஸ்ட். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் சீலிங் 8 அடியே உள்ளவர்களுக்கும் இரண்டு அடி வரை தூக்கும் க்விக்ஜாக் போன்ற, தரையில் வைத்துத் தூக்கும் சின்ன லிஃப்டுகள் போதும், கதவைத் தொட வேண்டியதே இல்லை. நாங்கள் எங்களுடையதைத் தரையில் போல்ட் போடவில்லை, நிறுவும் கையேடும் அதை விருப்பத்துக்கே விட்டிருக்கிறது, வீடு மாறினால் கூடவே வரும். வரும் வசந்தத்தில் மியாட்டா கீழே இறங்கியதும் நான்கு கேபிளையும் கழற்றிப் புதிது போடப் போகிறேன். துணி இன்னும் எங்கேயும் மாட்டவில்லை, ஆனாலும் இந்த ஊர் உப்புக்கு இத்தனை வருஷம் போதும்.