என்சலூட்டமைடா, டாரோலூட்டமைடா?

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை என்றதும் "மறதி வருமாமே?" என்பதுதான் வீட்டாரின் முதல் கேள்வி. பயத்துக்குக் காரணம் உண்டு. 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிகிச்சை பெற்ற முதியவர்களில் 21.6 சதவீதத்தினருக்கு டிமென்ஷியா (மறதி நோய்) வந்தது, பெறாதவர்களில் 15.8. தொடர்புதான் தெரிந்தது, சிகிச்சையே காரணம் என்று நிரூபணமாகவில்லை.

ஹார்மோன் ஊசியோடு மாத்திரையும் சேரும்போது, என்சலூட்டமைடா, டாரோலூட்டமைடா என்ற தேர்வு வருகிறது. என்சலூட்டமைடு மூளைக்குள் எளிதில் புகும்: அசதி, கவனக்குறைவு, அரிதாக வலிப்பு. தினம் ஒருவேளை போட்டால் போதும், வெறும் வயிறானாலும் சரி. டாரோலூட்டமைடு மூளைக்குள் குறைவாகவே போகும். அதற்காக டிமென்ஷியாவைத் தடுக்கும் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு வேளை, சாப்பாட்டோடுதான் போட வேண்டும். மறதிக்காரருக்கு யாராவது எடுத்துக் கொடுக்கணும்!

வலிப்பு வந்தவர், அடிக்கடி விழுபவர் என்றால் டாக்டரிடம் டாரோலூட்டமைடைப் பற்றித்தான் முதலில் கேட்பேன்.