அல்வாவுக்கு ஒரு முறை, சைக்கிளுக்கு வேறு முறை: பிள்ளைகளுக்குள் பங்கு போடுவது எப்படி?

பெரியவர்களே பிரித்துக் கொடுப்பது, ஒருவர் வெட்ட இன்னொருவர் எடுப்பது, முறை வைப்பது, தேவை பார்த்துக் கொடுப்பது. வீடுகளில் புழங்கும் வழிகள் பெரும்பாலும் இந்த நான்குதான். நான்குமே சரி, நான்குமே தப்பு. பங்கு போடுகிற பொருள் எது என்பதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நாலைந்து வயதுவரை பெரியவர் கையால் கொடுப்பதே நல்லது. அதிலும் சில இடங்களில் வழுக்கும். ஒரே 150 மில்லி பாலை ஒருவருக்கு ஒல்லியான கண்ணாடி கிளாஸிலும் மற்றவருக்கு அகலமான டம்ளரிலும் ஊற்றினால், டம்ளர்காரர் கட்டாயம் அழுவார். சுமார் ஏழு வயதுவரை குழந்தைகள் மட்டத்தின் உயரத்தை வைத்தே அளவை முடிவு செய்கிறார்கள் என்று உளவியலாளர் பியாஜே காட்டியிருக்கிறார். விளக்கிப் புரியவைக்க முயல வேண்டாம். ஒரே மாதிரி இரண்டு டம்ளரை வாங்கிவிடுங்கள். ஐந்து முறுக்கு இருந்தால் கண்ணெதிரே ஆளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வைத்து, மிஞ்சிய ஒன்றை டப்பாவில் போடுங்கள். உடைந்த பிஸ்கட்டை முழுசாக ஏற்கமாட்டார்கள். ஒன்று உடைந்திருந்தால் மற்றவருடையதையும் உடைத்துக் கொடுப்பதே வழி.

ஐந்து வயது தாண்டினால் அல்வா, கேக், பர்பிக்கு ஒருவர் வெட்டி மற்றவர் முதலில் எடுக்கும் முறையை மிஞ்ச எதுவும் இல்லை. சின்னத் துண்டு தன் தலையில்தான் விழும் என்று தெரிவதால் வெட்டுபவர் மில்லிமீட்டர் பார்த்து வெட்டுவார். பெரியவர்மேல் பழியும் வராது. இதில் ஒரு குறை உண்டு: எடுப்பவருக்குத்தான் சற்று லாபம். அதனால் அண்ணனே எப்போதும் வெட்டினால் தங்கைதான் எப்போதும் ஜெயிப்பாள். நேற்று யார் வெட்டியது என்பதை ஃபிரிட்ஜ் கதவில் எழுதிவையுங்கள். சின்னவர் கைக்குக் கத்தி வேண்டாம், கரண்டி போதும்.

மூன்று பிள்ளைகள் என்றால் சிக்கல். ஒருவர் மூன்றாக வெட்டி மற்ற இருவரும் வரிசையாக எடுத்தால், இரண்டாவதாக எடுப்பவருக்கு முதலாமவர்மேல் பொறாமை வரும். கணித அறிஞர்கள் செல்ஃப்ரிட்ஜும் கான்வேயும் தனித்தனியே கண்டுபிடித்த வழி இதற்கு உண்டு. முதலாமவர் மூன்று சமத் துண்டாக வெட்டுகிறார். அதில் ஒன்று பெரிதாகத் தெரிந்தால், இரண்டாமவர் அதை அடுத்த பெரிய துண்டின் அளவுக்குச் செதுக்குகிறார். மூன்றாமவர் முதலில் எடுக்கிறார். பிறகு இரண்டாமவர் எடுக்கும்போது, செதுக்கிய துண்டு மிச்சமிருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். கடைசித் துண்டு வெட்டியவருக்கு. செதுக்கிய துணுக்கைப் பங்கு போடவும் கணித வழி இருக்கிறது. வீட்டில் அது பாட்டிக்குப் போனால் போதும், மூவருக்கும் மனக்குறை இருக்காது.

சைக்கிள், ஜன்னல் சீட், டிவி ரிமோட்டை வெட்ட முடியாது, முறைதான். பலர் ஒற்றைப்படைத் தேதி ஒருவருக்கு, இரட்டைப்படை இன்னொருவருக்கு என்று வைக்கிறார்கள். 31ஆம் தேதிக்கு அடுத்தது 1 என்பதை மறந்துவிடுகிறார்கள். 365 நாள் ஆண்டில் ஒற்றைப்படைக்காரருக்கு 186 நாள், மற்றவருக்கு 179. வாரம் ஒருவர் என்று மாற்றுங்கள். காய்ச்சலில் போன முறை திரும்ப வருமா, போனது போனதுதானா என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்; பாதிச் சண்டை அதில்தான்.

பட்டாசுப் பெட்டி போல் பலவகை கலந்த பொருளுக்கு, ஆளுக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். ஆனால் அக்கா, தம்பி, அக்கா, தம்பி என்று போனால் ஒவ்வொரு சுற்றிலும் நல்லது அக்காவுக்கே. அக்கா, தம்பி, தம்பி, அக்கா என்று வரிசையைத் திருப்புங்கள். முதல் ஆள் யாரென்று மூன்று பேருக்குள் சாட் பூட் த்ரீ போடலாம். இருவர் என்றால் காசு சுண்ட வேண்டும்.

பரிசில்தான் 'சமம்' என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. தீபாவளிக்குச் சின்னவளுக்கு 700 ரூபாய் கவுன், பெரியவனுக்கு 1500 ரூபாய் ஜீன்ஸ் எடுத்தால், சின்னவள் விலையைப் பார்க்கமாட்டாள். எத்தனை பை வந்தது என்றுதான் எண்ணுவாள். விலைச்சீட்டைப் படிக்கத் தெரிந்த வயதில் கேள்வி வரும். அதனால் சின்ன வயதில் எண்ணிக்கையைச் சமமாக வையுங்கள், வளர்ந்தபின் ஆண்டு முழுவதற்குமான செலவை. கண்ணாடி, பள்ளி ஷூ போன்ற தேவைகளைப் பரிசுக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

பிறந்தநாளில் மற்ற பிள்ளைக்கும் ஒரு பொம்மை வாங்கும் வழக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. அந்த நாள் ஒருவருடையது. மற்றவருக்குச் சாக்லேட் தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கொடுக்கும் வேலையைத் தாருங்கள்.

ஊரிலிருந்து வரும் மாமா ஒரே ஒரு பொம்மையோடு வருவார். வாசலிலேயே அதை அம்மா கையில் கொடுக்கச் சொல்லி, முன்கூட்டியே போனில் பேசிவையுங்கள்.