நூறடி ரோட்டின் மேலே: கோயம்பேடு–ஆலந்தூர் மெட்ரோ சேவை

சென்னையின் மேற்குப் புறநகரில் வடக்குத் தெற்காக ஓடும் ஜவஹர்லால் நேரு சாலை, எல்லோருக்கும் நூறடி ரோடு. வெளியூர் வண்டிகள் நகருக்குள் நுழையாமல் சுற்றிச் செல்ல வழிவிட்ட இந்த உள்வட்டச் சாலை, கொத்தவால் சாவடியின் காய்கறி வணிகம் 1996இல் கோயம்பேட்டுக்கு இடம்பெயர்ந்ததும், 2002இல் பாரிமுனையின் வெளியூர்ப் பேருந்துகள் அங்கேயே வந்து சேர்ந்ததும், ஊரின் வாசலாகவே மாறிவிட்டது. 2008இல் திறக்கப்பட்ட கத்திப்பாரா மேம்பாலம் தென்முனையின் சிக்கலைத் தளர்த்தியது. ஆனால் வடபழனி, அசோக் நகர் சந்திப்புகளின் நெரிசலுக்கு அதனால் விடிவு பிறக்கவில்லை.

அதனால்தான் 2015 ஜூன் 29 அன்று சென்னையின் முதல் மெட்ரோ இந்தச் சாலையின் மேலேயே ஓடத் தொடங்கியதை மிகச் சரியான தேர்வாகக் கருதுகிறேன். கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை ஏழு நிலையங்கள். சிக்னலுக்கோ மழைநீருக்கோ காத்திராத பயணம். அசோக் நகரைத் தாண்டி ஈக்காட்டுத்தாங்கலுக்கு முன் அடையாற்றைக் கடக்கும்போது, அதே 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் அந்தக் கரையோரம் பட்ட பாட்டை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. பெட்டிகளும் நடைமேடைகளும் தூய்மையாக இருக்கின்றன. மகளிருக்குத் தனி இடம் உண்டு. அலுவலக நேரத்தில் மட்டும் நான்கு பெட்டிகள் போதவில்லை.

பெரிய குறை ரயிலில் இல்லை, படியிறங்கிய பிறகு இருக்கிறது. வண்டிகளுக்கென்றே அகலமாக்கப்பட்ட சாலையில் நடைபாதை பல இடங்களில் ஒடுங்கியும் கடைகளாலும் இருசக்கர வாகனங்களாலும் மறிக்கப்பட்டும் கிடக்கிறது. மூட்டையோடு வரும் பூ வியாபாரிக்கும் முதியவருக்கும், ரயிலில் மிச்சமான நேரமும் தெம்பும் அந்தக் கடைசிச் சில நூறு அடிகளிலேயே செலவாகிவிடுகின்றன. இதைச் சீர்செய்யாமல் இந்தச் சேவையை முழுமையானதென்று என்னால் சொல்ல முடியாது.

2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்டு, தென்மாவட்டப் பேருந்துகள் அங்கு மாறிய பிறகும் இந்தத் தடத்தின் பயன் குறையவில்லை. கோயம்பேடு, வடபழனிப் பகுதியினர் பச்சை வழித்தடத்தில் ஆலந்தூரைத் தாண்டிப் பரங்கிமலை வரை சென்று, புறநகர் ரயிலில் வண்டலூரில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் கிளாம்பாக்கத்தை அடையலாம். பெட்டி படுக்கை அதிகமில்லாதவர்களுக்கு, மாலை நேர நூறடி ரோட்டில் ஆட்டோவில் போவதைவிட இதையே பரிந்துரைப்பேன்.