தூரத்துக்கு நம்பலாம், நேரத்துக்கு வேண்டாம்

நான் இருப்பது ஹெல்சின்கியில், அக்கா குடும்பம் லிஸ்பனில். ஐரோப்பாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்வருகிறவனுக்கு உதவுமே என்று, இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் விமானத் தூரமும் நேரமும் சொல்லும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் ஏற்றினேன். இலவசம். நடுநடுவே விளம்பரம் வரும், தொலையட்டும்.

தூரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு 3,364 கிலோமீட்டர். பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்தது மாதிரியான கணக்கு, அதனால் தட்டையான வரைபடத்தில் கோடு வடக்கே வளைந்து தெரியும். பிஸ்கே விரிகுடாவைத் தாண்டி பிரான்ஸ், பெல்ஜியம், டென்மார்க், தென் சுவீடன் என்று ஏறி, பால்டிக் கடலைக் கடக்கிறது. சரிபாதி எங்கே வருகிறது என்று பெரிதாக்கிப் பார்த்தால் பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில்! இந்த வரைபடத்துக்காகவே செயலியை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

நேரம் என்று வந்தால்தான் தடுமாறுகிறது. 4 மணி 42 நிமிடம் என்று காட்டும். தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏற இறங்க அரைமணி சேர்த்தால் இதுதான் வரும். மோசமில்லை. ஆனால் போக, வர இரண்டுக்கும் அதே 4:42. மேலே வீசும் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே என்பதால், லிஸ்பனுக்குப் போகும்போதுதான் நேரம் கூடும். குளிர்காலத்தில் ஹெல்சின்கியில் இறக்கையில் உறைந்த பனியைக் கரைக்க மருந்து தெளிக்கும் வரை தரையிலேயே உட்கார்ந்திருப்பது தனிக் கதை.

கடிகார வித்தியாசத்தையும் கண்டுகொள்வதில்லை. "எத்தனை மணிக்குடா இறங்குவ?" என்று அக்கா கேட்டால் பதில் செயலியில் கிடையாது. லிஸ்பன் இரண்டு மணி நேரம் பின்னால். மாலை 4 மணிக்குக் கிளம்பி ஐந்து மணி நேரம் பறந்தால் அங்கே இரவு 7 மணிதான். திரும்பும்போது அந்த இரண்டு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

அப்புறம் விமானம் மாறிப் போகும் விஷயம். ஆம்ஸ்டர்டம் வழியாகப் போட்டுப் பார்த்தேன். அந்த ஊர் ஏறக்குறைய கோட்டின் மேலேயே இருப்பதால் தூரம் கூடுவதே தெரியவில்லை. நேரமும் அரைமணிதான் கூடுகிறது என்கிறது செயலி. நடுவில் காத்திருக்கும் நேரத்தை யார் சேர்ப்பது? அங்கே மூன்று மணி நேரம் நின்றால் எட்டு மணி நேரப் பயணமாகிவிடும்.

நான் எதிர்பார்க்காத பயன் ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி தாமத இழப்பீட்டுத் தொகை தூரத்தை வைத்துத்தான் முடிவாகிறது. அளப்பதும் இதே உருண்டைக் கணக்கில்தான். விமானம் மாறிப் போனாலும் புறப்பட்ட ஊருக்கும் கடைசி ஊருக்கும் இடையிலான தூரமே கணக்கு. ஒரு முறை விமானம் நான்கு மணி நேரம் தாமதமானபோது படிவத்தில் 3,364 என்றே எழுதினேன். ஒன்றியத்துக்குள் 1,500 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறவர், நிறுவனத்தின் கை மீறிய காரணம் இல்லாமல், மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 400 யூரோ. 600 யூரோ கேட்டு எழுதாதீர்கள், அது ஒன்றியத்துக்கு வெளியே 3,500 கிலோமீட்டரைத் தாண்டும் பயணங்களுக்கு.