உலக வங்கியா, பிரிக்ஸ் வங்கியா: கடன் எந்த நாணயத்தில்?

மாநிலக் குடிநீர்த் திட்டம் ஒன்றுக்கு வெளிநாட்டுக் கடன் தேடிய குழுவில் இருந்தபோது இந்த இரண்டையும் எடைபோட வேண்டி வந்தது. அன்றும் இன்றும் நான் பிரிக்ஸ் நாடுகள் (பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா) தொடங்கிய புதிய வளர்ச்சி வங்கியின் பக்கம்தான்.

அதிகாரம் யார் கையில் என்பது தெரிந்த கதை. உலக வங்கியின் அடிப்படை விதிகளைத் திருத்த 85% வாக்கு வேண்டும். 15 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் அமெரிக்கா தலையசைக்காமல் அது நடக்காது. 2015-ல் ஷாங்காயில் செயல்படத் தொடங்கிய புதிய வங்கியில் அதை நிறுவிய ஐந்து நாடுகளும் சம பங்கு போட்டன. தனியாகத் தடுக்கும் வீட்டோ அதிகாரம் யாருக்கும் இல்லை. நல்ல விஷயம்தான். ஆனால் என் முடிவுக்குக் காரணம் அது இல்லை, நாணயம்.

தண்ணீர்க் கட்டணமும் மெட்ரோ டிக்கெட்டும் ரூபாயில்தான் வசூலாகின்றன. தவணை மட்டும் டாலரில் போகிறது. 2011 நடுவில் ஒரு டாலர் சுமார் 45 ரூபாய். 2022 அக்டோபரில் 82-ஐத் தாண்டிவிட்டது. அன்று வாங்கிய 10 கோடி டாலர் 450 கோடி ரூபாய். அசலில் ஒரு டாலர்கூடக் கட்டாமல் இருந்திருந்தால் அதே கடன் 820 கோடிக்கு மேல். இந்தச் சுமை டெல்லியோடு நிற்பதில்லை. மத்திய-மாநில நிதிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் நிதிக்குழுக்களில் 12-வது குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, மத்திய அரசு வாங்கும் வெளிநாட்டுக் கடன் பெரும்பாலான மாநிலங்களுக்கு நாணய மாற்றுச் சுமை உட்பட அதே நிபந்தனைகளோடு வந்து சேர்கிறது. ரூபாய் சரிந்தால் அடி வாங்குவது மாநில பட்ஜெட்.

புதிய வங்கி 2022–26 காலத்தில் தன் கடனில் 30 சதவீதத்தை உறுப்பு நாடுகளின் நாணயத்தில் தருவதாக இலக்கு வைத்தது. சீன யுவானிலும் தென்னாப்பிரிக்க ராண்டிலும் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டியும் காட்டியது. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

ரூபாய்க் கடனுக்கு வட்டி கூடுதல் என்பது உண்மை. ரூபாய் அதிகம் சரியாத ஆண்டுகளில் டாலர் கடனே மலிவாக முடியலாம். ஆனாலும் முப்பது வருஷத்துக்குத் தவணை இவ்வளவுதான் என்று தெரிந்து பட்ஜெட் போடுவதற்காக அந்தக் கூடுதலைக் கொடுக்கலாம் என்பேன்.

உலக வங்கிக்கும் பலம் உண்டு: 35 ஆண்டு வரை தவணை, உயர்ந்தபட்சக் கடன் தரமதிப்பீடு, பல பத்தாண்டு தொழில்நுட்ப அனுபவம். புதிய வங்கி இன்னும் இளசு. நீண்டகாலக் கடன்கள் முழுதாக அடைபட்ட பிறகே அதைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். உக்ரைன் போரை அடுத்து மேற்கு நாடுகள் தடை விதித்தபோது, 2022-ல் ரஷ்யாவில் புதிய கடன்களை அது நிறுத்திவைத்ததைப் பார்த்தால், டாலர் சந்தையின் பிடி அதன் மேலும் இருக்கிறது. இந்தியாவுக்கு அது தந்ததிலும் பெரும்பகுதி டாலர்தான்.

அதனால் எந்த மாநிலமும் முதல் கூட்டத்திலேயே ரூபாயில் தருவீர்களா என்று கேட்டுவிட வேண்டும். இல்லை என்றால் உலக வங்கியின் வட்டியையும் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேரம் பேசலாம்.